பட்டினியில்தான் தெரியும்

மதினி சுண்டைக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சென்னையில் அப்படி என்னதான் படிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவைத்துவிடுவது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டு ஈரலைப் பனிக்கட்டியில் வைத்து வாங்கி வருவோம், அரைப்போம், வடிப்போம், அதில் கொழுப்பு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அது எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்று அளப்போம் என்றேன்.

"அளந்துட்டு?"

"எழுதி வச்சுக்குவோம்."

"அந்த ஈரலை?"

"கீழ ஊத்திருவோம்."

அவள் கை நின்றது. "கீழயா? ஏண்டி, அம்புட்டு ஈரலையும் மிளகு தட்டிப்போட்டு வறுத்தா ஒரு தெருவுக்கே வெஞ்சனம் ஆகும். படிச்ச கழுதைகளுக்குப் புத்தி இருக்கா பாரு!"

இருவரும் சிரித்தோம். சிரிக்கிற நிலைமையில் அந்த வீடு இல்லை. அவளுடைய தலைப்பிள்ளை, ஒரு பெண், காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்; ஈரல் எங்கே போய்விடப் போகிறது.

மதினி எனக்கு அண்ணன் மனைவி மட்டுமல்ல, அத்தை மகள். நத்தத்தில் மாந்தோப்பு ஓரத்தில் பிறந்தவள். என் வயதுதான், அதனால் எங்களுக்குள் சின்னதிலிருந்தே வாடி போடி. அத்தை மகள் இருக்கும்போது அண்ணன் வெளியில் பெண் எடுத்திருந்தால் எங்கள் சாதிசனத்தில் ஒருவர் வாசல்படி மிதித்திருக்க மாட்டார்கள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் சித்தையன்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விற்று என்னைப் படிக்கவைத்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு என்று கேட்டவர்களிடம், "ஒன் வீட்டு அரிசியையா கேட்டேன்?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைப்பார்.

தலைப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நான் மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் எங்கள் பக்கம் முதல் காரியம் வயிற்றைப் பூட்டுவது. சோறு கிடையாது, கஞ்சி கிடையாது, தாய்ப்பால்கூடக் கிடையாது. கொடுத்தால் மாந்தம் வந்துவிடும். ஊரார் மட்டும் சொன்னதில்லை. திண்டுக்கல்லில் பார்த்த டாக்டரும் குழந்தையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாவு படிஞ்சிருக்கு. காய்ச்சல் விடுற வரைக்கும் வெந்நீர் மட்டும் குடுங்க" என்றார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். பிள்ளை பாலுக்கு அழுது அழுது முந்தானையைச் சப்பியது. மதினி மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் போய் அழுதாள்.

மறுநாள் மத்தியானம் உடம்பு வேர்த்துக் குளிர்ந்தது. பிள்ளை கண்ணசந்தது. வீடே உயிர் வந்தாற்போல ஆனது. அண்ணன் மாட்டுக் கழுத்து மணியை அவிழ்த்து வைத்தார். தெருவில் கூவிக்கொண்டு வந்த உப்பு வண்டிக்காரரிடம் ஓடிப்போய், "ஐயா, செத்த நேரம் சத்தங் காட்டாமப் போங்க, இப்பத்தான் புள்ள அசந்திருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மதினி பனைவிசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்து ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டே இருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது; அதிலும் காய்ச்சல் விட்டுத் தூங்குகிற பிள்ளையை எழுப்புவது பாவம். யாரும் எழுப்பவில்லை. பொழுது சாயும்போது மதினி தூக்கினாள். தலை துவண்டு பின்னால் விழுந்தது. வலிப்பு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

ஆளுக்கு ஒரு பேர் வைத்தார்கள் அதற்கு. காத்துக்கருப்பு என்றார்கள், தோஷம் என்றார்கள். டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். எனக்கு எல்லார்மீதும் கோபம் வந்தது, ஆனால் என்ன சொல்லிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பிறகு நான் மேல்படிப்புக்குச் சென்னை போனேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சூடு மாறாத தண்ணீர். தொட்டிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குப்பியும் வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயோடு இணைந்திருக்கும். குப்பிக்குள் இருக்கும் ஈரல் சாறு கொழுப்பை எரிக்க ஆக்சிஜனை இழுத்தால், குழாயில் இருக்கும் சாயத்தண்ணீர் மேலே ஏறும். அந்த ஏற்றத்தைக் குறித்துக் குறித்துக் கோடு போடுவதுதான் என் பிழைப்பு.

கொழுப்பு அமிலம் என்பது நீளமான சங்கிலி. உடம்பு அதை மொத்தமாக விழுங்குவதில்லை. ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக வெட்டி எடுத்து எரிக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு என்சைம். நொதி என்று இப்போது பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள்; போடட்டும். நான் பார்த்தது முதல் வெட்டுக்கான என்சைமை. கொழுப்பைக் கூட்டினால் வேகமும் கூடும். ஆனால் ஓரளவுக்குமேல் எத்தனை கூட்டினாலும் வேகம் ஏறாது. கோடு வளைந்து படுத்துவிடும். நிலக்கோட்டை பஸ்ஸில் பூக்கூடையோடு எத்தனை பேர் ஏறினாலும் சீட்டுக் கிழிக்கக் கண்டக்டர் ஒருவர்தானே, அவருடைய கை வேகம்தான் வேகம். அந்த வளைவை வைத்து என்சைமின் குணத்தையே சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. மனிதர்களைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும்.

ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியில் வேகவைத்த ஈரல் சாற்றை வைப்போம். வெந்துபோனால் என்சைம் செத்துவிடும். அந்தக் குப்பியில் கொழுப்பு இருக்கும், ஆக்சிஜன் இருக்கும், எல்லாம் இருக்கும், ஆனால் சாயத்தண்ணீர் அசையாது. மற்றக் குப்பிகள் சொல்வது உண்மைதானா என்று ஒத்துப் பார்க்க அது. வெந்த குப்பி என்று கிண்டலாகச் சொல்வோம். அதற்குக் கோடு போடுவதுதான் சுலபம், தரையோடு தரையாக ஓர் இழுப்பு.

எலியை வைத்துச் செய்கிற நாள்களும் உண்டு. அதற்கு முந்தின நாளே எலிகளைப் பட்டினி போட்டுவிட வேண்டும். சாப்பிட்ட எலியின் ஈரலில் சர்க்கரை இருக்கும். அது இருக்கிறவரை உடம்பு கொழுப்பில் அவ்வளவாகக் கை வைக்காது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, "பாவம் மேடம், எதுக்குப் பட்டினி?" என்று கேட்டாள். "பட்டினி போட்டாத்தானே தெரியும்" என்று பதில் சொல்லிக்கொண்டே கூண்டிலிருந்து தீனித்தட்டை எடுத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

சர்க்கரை தீர்ந்துபோகிறது. கொழுப்பை எரிக்க வேண்டும். எரிக்கிற என்சைம் பிறவியிலேயே சரியில்லை என்று வை. அப்போது மூளைக்குப் போக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. வலிக்காது, கத்தாது. வேர்க்கும், உடம்பு குளிரும், கண் அசந்து வரும். ஐயோ, அது தூக்கமே இல்லை.

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "இப்படி ஒரு நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லையே அம்மா" என்றார். பிறகு, "இருக்கலாம். ஆனால் அளந்து காட்ட ஈரலில் ஒரு துண்டு வேண்டும். உயிரோடு இருக்கிற குழந்தையின் ஈரலை யாரம்மா அறுத்துத் தருவார்கள்?" என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரித்தால், எரித்த மிச்சம் சிறுநீரில் வரும். அதில் ஒரு பொடியைக் கலந்து இரண்டு சொட்டு அமோனியா விட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். பட்டினி கிடந்தும் நிறம் வரவில்லை என்றால் கொழுப்பு எரியவில்லை என்று அர்த்தம். அந்தப் பொடியை ஒரு குப்பியிலும் அமோனியாவை இன்னொன்றிலும் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மதினிக்கு இரண்டாவது பெண் பிறந்து நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தது. என்சைம் சமாசாரம் எந்த வழியில் வருகிறது என்பதையும் நான் படித்திருந்தேன். அப்பாவிடமிருந்து பாதிக் கோளாறு, அம்மாவிடமிருந்து பாதிக் கோளாறு; இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அண்ணனுக்கும் மதினிக்கும் தாத்தா ஒருவரே. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பமும் ஒரு சீட்டுக்குலுக்கல்தான். அத்தை எனக்கென்று ஒரு மகனும் வைத்திருந்தார். நான் மாட்டேன் என்றதற்குப் படிச்ச திமிர் என்று பேர் வாங்கிக்கொண்டேன். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் ஊருக்குப் போனேன். ரயிலில் கொடுத்த சோறு வாயில் வைக்க விளங்கவில்லை, அதனால் வழியெல்லாம் பட்டினி. திண்டுக்கல்லில் இறங்கிப் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனால், வாசலில் அண்ணன் வாயில் விரலை வைத்து "உஷ்" என்கிறார். மாட்டுக் கழுத்தில் மணி இல்லை. பையோடு உள்ளே ஓடினேன். உள்ளே மதினி அதே பனைவிசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். பாயில் பிள்ளை.

"நேத்துலருந்து காச்சலு. ஒண்ணும் குடுக்கல. இப்பத்தான் விட்டிருக்கு" என்றாள் மதினி, சந்தோஷமாக.

பிள்ளைக்குக் கீழே நனைந்திருந்த துணியை உருவி ஒரு தம்ளரில் பிழிந்தேன். இன்னொரு தம்ளரில் என்னுடையதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வெட்கம் பார்க்கிற நேரமா அது? இரண்டிலும் பொடி, இரண்டிலும் அமோனியா. என் தம்ளர் கத்தரிப்பூவாக நிறம் மாறியது. பிள்ளையுடையது அப்படியே இருந்தது. நான் தினமும் பார்த்த வெந்த குப்பிதான்.

பிள்ளையைத் தூக்கி உலுக்கினேன். "ஏ, தூங்குற புள்ளைய எழுப்பாதடி! ஒனக்கென்ன கிறுக்கா?" என்று அண்ணன் கத்தினார். என்னை அதட்டிப் பேசாத அண்ணன், கை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"தூங்கல அண்ணே! சாகுது! கருப்பட்டி எங்க? கருப்பட்டியக் கரைச்சுக் கொண்டா மதினி!"

அண்ணன் திகைத்து நின்றார். மதினி ஒரு கேள்வி கேட்கவில்லை. கரைத்த கருப்பட்டித் தண்ணீரைப் பாலாடையில் எடுத்து வந்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வழிந்தது, துடைத்தாள், மறுபடி விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு கண்ணைத் திறந்து, "சோறு" என்றது.

மதினி அழவில்லை. "இம்புட்டுத்தானா?" என்றாள். "பசிக்க விடாமப் பாத்துக்கிட்டா உசுரோட இருக்குமா?"

"இம்புட்டுத்தான். ராத்திரியில எழுப்பிக் குடு. காச்சல்னா இன்னும் கூடக் குடு. பட்டினியே ஆகாது."

"அப்ப மூத்தவளும்?"

நான் பிள்ளையின் வாயைத் துடைத்தேன். அவள் பாயோரம் கிடந்த விசிறியைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

அண்ணன் மட்டும் சாயங்காலம் கிணற்றடியில் வந்து நின்றார். "அந்த என்சைமோ என்னமோ, அத ஊசியில ஏத்திர முடியாதா தாயி?"

"முடியாது அண்ணே."

"மாத்திரை?"

"கிடையாது."

"ஆட்டு ஈரலச் சமைச்சுக் குடுத்தா?"

"வேகவச்சாச் செத்துப்போகும். பச்சையாக் குடுத்தாலும் வயித்துக்குள்ள போயிச் செத்துப்போகும்."

"அப்ப எதுக்குத்தான் படிக்கிற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த என்சைம் எவ்வளவு கொழுப்புக்கு எவ்வளவு வேகம் போகும் என்று புள்ளி பிசகாமல் சொல்ல முடியும் என்னால். அது இல்லாத ஒரு வீட்டில் அதைக் கொண்டுவந்து வைக்க முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டியையே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மதினி அதன்பின் தூங்கினாளா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சோறூட்டினாள். கொழுகொழுவென்று வளர்ந்தது. நான் லீவுக்குப் போனால், "இந்த அம்மா தூங்கவே விட மாட்டேங்குது அத்தே, நீ என்னைய மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்று புகார் சொல்லும். பாவாடை மடியில் எந்நேரமும் ஒரு கருப்பட்டித் துண்டு. அம்மா பார்க்காதபோது அதை ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு, தின்றுவிட்டேன் என்று நாக்கை நீட்டிக் காட்டும். அந்த நாக்கில் கருப்பட்டி நிறமே இருக்காது. திருட்டுக் கழுதை.

மூன்றாவது பிரசவத்துக்கு மதினி பிள்ளையோடு நத்தம் போனாள். மாங்காய் இறக்குகிற சமயம். வலி கண்டது, கண்டபடியே நின்றது, பிள்ளை இறங்கவில்லை. மாங்காய் லாரியில் கூடைகளுக்கு நடுவே மதினியைப் படுக்கவைத்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனும் அத்தையும் கூடப் போனார்கள். பிள்ளையை மதினியின் அக்காவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த வலியிலும் லாரியில் தலையைத் தூக்கி, "அக்கா, எழுப்பி எழுப்பிக் குடு, மறந்துறாத" என்று மதினி கத்தினாளாம்.

எனக்குத் தந்தி வந்தது. நான் நத்தம் போய்ச் சேர்வதற்குள் பெண்பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

மதினியின் அக்கா என்னைக் கண்டதும் காலைக் கட்டிக்கொண்டார். நாலு பிள்ளைகளை வளர்த்தவர். "நெருப்பாக் கொதிச்சது தாயி. குடுத்தேன், குடுத்ததெல்லாம் கக்கிருச்சு. சரி, செத்த நேரம் வயிறு சும்மா கெடக்கட்டும்னு விட்டேன். பொறவு வேர்த்து, அசந்து தூங்குச்சு. எழுப்பத்தான் போனேன். தொட்டா சில்லுனு இருக்கு. காச்சல் விட்டுத் தூங்குற புள்ளையத் தட்டி எழுப்ப எப்பிடித் தாயி மனசு வரும்? ஈ ஒக்காராம விசிறிக்கிட்டே இருந்தேன்."

எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள் என்று எனக்குக் குடும்பத்தில் பேர். அன்று திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்பாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெண் போன சேதியைச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் புதுப்பிள்ளை, ஆண். தலை நசுங்கி, முகம் சிவந்து, நன்றாகத்தான் இருந்தான். அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா" என்றாள் மதினி. குரல் அவளுடையதாகவே இல்லை. "அந்தப் பொடி கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு."

"இவனுக்குப் பாரு. இவனுக்கும் அப்பிடியான்னு பாத்துச் சொல்லு."

"இப்பப் பாத்தா ஒண்ணும் தெரியாது மதினி. பால் குடிக்கிற புள்ளைக்கு நெறம் வராது. நல்ல புள்ளையா இருந்தாலும் வராது."

"அப்ப எப்பத் தெரியும்?"

எலிக்கூண்டுப் பக்கத்தில் எத்தனையோ முறை வாய்கூசாமல் சொன்ன பதில்தான். பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லுடி. எப்பத் தெரியும்?"

"பட்டினி போட்டாத்தான் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையைப் பார்த்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், உதடு மட்டும் சப்புக்கொட்டியது. நான் பையின் வாரைப் பிடித்தபடி நின்றேன்.

"தெரிய வேணாம்" என்றாள் மதினி.

அந்த வழியாக வந்த நர்ஸம்மா, "அட, எப்பிடித் தூங்குறான் பாரு! எழுப்பிறாதம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மதினி விரலை மடக்கி அவன் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். வீறிட்டு அழுதான். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவன் குடித்தான். குடித்துக்கொண்டே அவனுக்குக் கண் செருகியது. அவள் மறுபடியும் சுண்டினாள்.